நாலு பெட்டி, ஒரு கார், பன்னிரண்டு நாள்

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து கணவன், மனைவி, 11 வயதுப் பையன், 7 வயதுப் பெண் என்று நாலு பேர் காலாண்டு விடுமுறையில் மியூனிக் வருகிறார்கள். அங்கே கார் வாடகைக்கு எடுத்து சால்ஸ்பர்க், பிளெட் ஏரி, லுப்லியானா, வெனிஸ், டோலோமைட் மலைகள், இன்ஸ்ப்ரூக் என்று ஒரு சுற்று சுற்றி மியூனிக்கிலேயே விமானம் ஏற வேண்டும். மொத்தம் 12 நாள். விமானத்தில் ஆளுக்கு 23 கிலோ அனுமதி. எதையெல்லாம் எடுத்துப்போவது, எங்கே பணம் மிச்சம் பிடிப்பது?

இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். பதினோரு வருஷமாக மியூனிக் பக்கத்து ஆக்ஸ்பர்கில் இருந்துகொண்டு, வருகிற சொந்தக்காரர்களையெல்லாம் காரில் ஏற்றி அனுப்பிப் பழகியதில் சொல்கிறேன்: இரண்டும் ஒரே கேள்விதான். பெட்டியின் அளவு காரின் அளவைத் தீர்மானிக்கிறது. காரின் அளவு வாடகையையும் எண்ணெய்ச் செலவையும் தீர்மானிக்கிறது. எந்த வீட்டில் தங்கலாம், எந்த கேரேஜில் நிறுத்தலாம் என்பதும் அதன் பின்னாலேயே வருகிறது.

என் சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்தபோது நடந்ததைச் சொன்னால் புரியும். 'ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் அல்லது அது போன்ற கார்' என்று இரண்டு மாதம் முன்பே நல்ல விலைக்குப் பதிவு செய்திருந்தான். இறங்கும்போது கையில் நாலு பெரிய சூட்கேஸ். கோல்ஃபின் டிக்கி 380 லிட்டர். பெரிய சூட்கேஸ் ஒன்று 75 சென்டிமீட்டர் உயரம், 50 அகலம், 30 ஆழம் என்றால் 110 லிட்டருக்கு மேல் வரும். கணக்குப்படி மூன்று போக வேண்டும். ஆனால் டிக்கி சதுரப் பெட்டி கிடையாது, இரண்டு பக்கமும் சக்கரத்தின் மேடு உண்டு. இரண்டுதான் போயிற்று. கவுண்டரிலேயே பெரிய ஸ்டேஷன் வேகனுக்கு மாறினான். முன்பதிவு விலைக்கும் அன்றைய கவுண்டர் விலைக்கும் சம்பந்தமே இல்லை. அந்த வித்தியாசத்தில் குடும்பத்தோடு மூன்று ராத்திரி தங்கியிருக்கலாம். போகட்டும், அத்தனை பெட்டியிலும் என்ன இருந்தது? பாதி, எங்கள் வீட்டுக்கான முறுக்கும் தட்டையும். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

23 கிலோ அனுமதி என்றால் 23 கிலோ கொண்டுபோயே தீர வேண்டும் என்று நேர்த்திக்கடன் ஒன்றும் இல்லை. கையோடு எடுத்துப்போகும் சிறிய பெட்டி 55க்கு 40க்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள், 44 லிட்டர். நாலு பேருக்கு நாலு பெட்டி, 176 லிட்டர். கோல்ஃப் டிக்கியில் பாதி இடம் மீதி இருக்கும். தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுப் பை, ஜாக்கெட் எல்லாம் அங்கே போய்விடும். முடிந்தால் கெட்டியான ஓடு போட்ட பெட்டியைவிடத் துணிப்பை எடுங்கள். அமுக்கினால் மூலைக்குள் போகும்.

ஐந்தாவதாக ஒரு பெரிய பெட்டி வந்தே தீரும் என்றால் (அன்பளிப்பு, திரும்பும்போது வாங்குகிற சாமான்) முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் ஒரே ஹோட்டலில் போட்டுக்கொண்டு, நடுவில் அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவைக்க முடியுமா என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் சம்மதிப்பார்கள்.

ஹோட்டல் என்றதும் இந்தப் பயணத்தின் மிகப் பெரிய செலவு ஞாபகம் வருகிறது. காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வரும். மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் பெயரில்தான் அக்டோபர். செப்டம்பர் 15க்குப் பிறகு வரும் சனிக்கிழமை தொடங்கி, அக்டோபர் முதல் ஞாயிறை ஒட்டி முடியும். அந்த நாட்களில் மியூனிக் ஹோட்டல் வாடகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போகும். பீர் கூடாரம் பார்ப்பது உங்கள் திட்டத்தில் இல்லையென்றால் நகருக்குள் தங்கவே தங்காதீர்கள். ஆக்ஸ்பர்கோ லான்ட்ஸ்ஹுட்டோ போய்விடுங்கள். மியூனிக்குக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. முதல் இரண்டு நாளும் ரயிலிலேயே சுற்றலாம். பவேரிய மாநில ரயில் டிக்கெட் ஒன்று இருக்கிறது, பயெர்ன் டிக்கெட் என்று பெயர். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை மாநிலம் முழுவதும் உள்ளூர் ரயில்களில் நாள் பூராவும் போகலாம். வேலை நாட்களில் மட்டும் காலை 9 மணிக்கு மேல்.

ஆகவே விமானத்திலிருந்து இறங்கியதும் கார் எடுக்க வேண்டாம். தூக்கக் கலக்கத்தில், பழக்கமில்லாத வலது பக்கச் சாலையில், முதல் நாளே ஆட்டோபான் என்ற ஜெர்மன் நெடுஞ்சாலையில் ஏறுவது பணத்தையும் தாண்டிய விஷயம். மூன்றாம் நாள் காலை ஊருக்குள் இருக்கும் கிளையில் எடுத்தால் இரண்டு நாள் வாடகையும் விமான நிலையக் கூடுதல் கட்டணமும் மிச்சம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெரும்பாலான ஊர்க் கிளைகள் சனி மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு திறக்காது.

காரைப் பற்றி இன்னும் சில. இங்கே சாதாரணமாகக் கிடைப்பது கியர் கார், ஆட்டோமேட்டிக் கேட்டால் விலை கூடும். ஆனால் சென்னையில் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டிப் பழகியவர் என்றால் அந்தக் கூடுதலைக் கொடுத்துவிடுங்கள். வலது கையால் கியர் போட மலைப்பாதையில் பழகக் கூடாது. பிணைத்தொகையைப் பிடித்து வைக்க ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபிட் கார்டைப் பல கவுண்டர்களில் ஏற்பதில்லை. ஆர்டிஓவில் 1000 ரூபாய் கட்டி எடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரு வருஷம் செல்லும். அதையும் அசல் லைசென்ஸையும் சேர்த்தே வைத்திருங்கள். எந்தெந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதைக் கவுண்டரில் சொல்லி எழுதி வாங்குங்கள். சில நிறுவனங்கள் விலையுயர்ந்த கார்களை இத்தாலிக்குள் விடுவதில்லை. கவுண்டரில் விற்கும் காப்பீட்டைவிட, விபத்தில் நம் தலையில் விழும் தொகையை ஈடுகட்டும் காப்பீட்டை முன்கூட்டியே தனியாக ஆன்லைனில் வாங்குவது பெரும்பாலும் மலிவு.

பிள்ளைகள் சீட்டுக்கு நாள் கணக்கில் வாடகை கேட்பார்கள். ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை சீட் கட்டாயம். இத்தாலியில் வயது கணக்கே இல்லை, 150 சென்டிமீட்டர் உயரம் வர வேண்டும். அதனால் உங்கள் பையனையும் இப்போதே சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். உயர்த்தி உட்காரும் பூஸ்டர் சீட் ஒன்று இங்கே கடையில் 20, 30 யூரோவுக்குக் கிடைக்கும். பத்து நாள் வாடகையோடு ஒப்பிட்டால் வாங்குவதே லாபம். 125 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தை என்றால் முதுகுப் பகுதியோடு வருவதாக வாங்குங்கள்.

அப்புறம் துணிமணி. செப்டம்பர் கடைசியில் பகலில் 15, 20 டிகிரி இருக்கும் இடத்தில் காலையில் 6, 7 என்று இறங்கும். டோலோமைட்டில் போர்டோய் கணவாய் 2,239 மீட்டர் உயரம், அங்கே அந்த மாதம் பனி விழுந்தாலும் ஆச்சரியம் இல்லை. இதைக் கேட்டதும் நம்மவர்கள் செய்கிற தப்பு, ஆளுக்கு ஒரு பெரிய கம்பளிக் கோட்டு வாங்குவது. ஒரு கோட்டு பாதிப் பெட்டியைத் தின்றுவிடும். மெல்லிய உள்ளாடைத் தெர்மல், அதன் மேல் சட்டை, அதன் மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் மழை புகாத ஒரு மெல்லிய ஜாக்கெட் என்று அடுக்கிக்கொள்ளுங்கள். ஃப்ளீஸும் ஜாக்கெட்டும் விமானத்தில் உடம்பிலேயே வரட்டும். ஜீன்ஸ் ஒன்று போதும், அதுவும் உடம்பில். பெட்டிக்குள் இன்னொரு லேசான பேண்ட், நாலு மேல்சட்டை, ஆறு நாளைக்கு உள்ளாடை. பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு செட் கூடுதல். ஷூ காலில் ஒன்று, பெட்டியில் ஒரு செருப்பு.

ஆறு நாளைக்கு எடுத்துக்கொண்டு 12 நாள் எப்படி? தங்குமிடம் தேடும்போது நாலாம் நாளும் எட்டாம் நாளும் துவைக்கும் இயந்திரம் உள்ள வீடாகப் பாருங்கள். மற்ற நாட்களில் குளிக்கும்போதே இரண்டு உருப்படி அலசிப் போட்டால் முடிந்தது. டர்க்கி டவல் ஒன்றுகூட வேண்டாம். நம் ஈரிழைத் துண்டுக்கு இணையாக எதையும் நான் ஐரோப்பாவில் பார்க்கவில்லை: காற்றில் அரை நாளில் காயும், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும், மலையில் கழுத்துக்கும் சுற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்று, உபரியாக இரண்டு.

மின்சாரத்துக்குப் பெரிய உருண்டை அடாப்டர் வாங்குகிறார்கள். நம் போன் சார்ஜர்களில் பெரும்பாலானவை இரண்டு மெல்லிய குச்சியுள்ளவை, அவை ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, இத்தாலி என்று நீங்கள் போகும் நாலு நாட்டிலும் நேராகவே செருகும். மூன்று குச்சி உள்ள லேப்டாப்புக்கு மட்டும் ஒரு சின்ன அடாப்டர். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கும் சிம் 2017 முதல் ஒன்றியத்தின் மற்ற நாடுகளிலும் கூடுதல் கட்டணம் இல்லாமல் வேலை செய்யும். சுவிட்சர்லாந்து அதில் இல்லை. உங்கள் சுற்றில் அந்த நாடு வரவில்லை, நல்லதாகப் போயிற்று. அங்கே ஒரு நாள் சாப்பாட்டுச் செலவைப் பார்த்தால் ஸ்லோவேனியாவில் இரண்டு நாள் சாப்பிடலாம்.

சாப்பாட்டுப் பைக்கு என் கணக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் கிடையாது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, இட்லிப்பொடி, அவல், கொஞ்சம் வறுத்த ரவை. ரைஸ் குக்கர் தூக்கி வராதீர்கள். சமையலறை உள்ள எந்த வீட்டிலும் பாத்திரம் இருக்கும். அரிசி எங்கும் கிடைக்கும். பருப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லிக்குத் துருக்கிக் கடைகள் இருக்கின்றன. நெய் கூடவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரத் தடை, பிடித்தால் குப்பையில் போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். செடி, இலை என்றால் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். நெய்க்கு வருத்தப்பட வேண்டாம். இங்கத்து வெண்ணெய் 250 கிராம் வாங்கி உருக்குங்கள், பத்து நிமிஷத்தில் வீடு மணக்கும்.

கடைகளில் ஆல்டி, லிடில் இரண்டும் மலிவு. ஆல்டிக்கு ஆஸ்திரியாவிலும் ஸ்லோவேனியாவிலும் ஹோஃபர் என்று பெயர், தேடி அலையாதீர்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா மூன்றிலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலையில் வாங்க மறந்தால் ஞாயிறு முழுக்க பெட்ரோல் பங்க் சாண்ட்விச்தான், விலையைப் பார்த்துப் பசி போய்விடும். ஜெர்மனியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் முன்பணம் வாங்குவார்கள், சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும். நாலு பேர் குடிக்கிற தண்ணீருக்கு இது சின்னக் காசு இல்லை. அதைவிட, வீட்டுக் குழாய்த் தண்ணீரையே பிடித்துக்கொள்ளலாம், நல்ல தண்ணீர். உணவகத்தில் சாப்பிட வேண்டுமென்றால் வேலை நாள் மதியத்தில் சாப்பிடுங்கள். ஆஸ்திரியாவில் மதியச் சாப்பாடு என்று தனியாக ஒரு விலை வைத்திருப்பார்கள், அதே இடத்தில் ராத்திரி போனால் விலை வேறு. இத்தாலியில் காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை. பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்ந்திருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். அது உட்கார்ந்ததற்கான வழக்கமான கட்டணம்.

இனி சாலைக் கட்டணம். இதில்தான் ஆட்கள் அதிகமாக மாட்டுகிறார்கள். ஜெர்மனியில் காருக்கு டோல் இல்லை. ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு விக்னெட், அதாவது இத்தனை நாளுக்கு என்று முன்கூட்டியே வாங்கும் சாலை அனுமதி, வேண்டும். 10 நாளுக்கானது 12, 13 யூரோ அளவில் இருக்கிறது. மூன்றாம் நாள் கார் எடுத்து அன்றே சால்ஸ்பர்க் போய், 12ஆம் நாளுக்குள் இன்ஸ்ப்ரூக் வழியாகத் திரும்பிவிட்டால் 10 நாளைத் தாண்டாது, ஒரே விக்னெட்டில் முடிந்துவிடும். 13ஆம் நாளுக்குப் போனால் இன்னொன்று வாங்க வேண்டும். ஸ்லோவேனியாவில் மின்னணு விக்னெட், ஒரு வாரத்துக்கு 16 யூரோ அளவில். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 300 யூரோவிலிருந்து தொடங்குகிறது. ஆன்லைனில் வாங்கும்போது இரண்டும் கார் நம்பரோடு இணைந்தவை, காரைக் கையில் வாங்கிய பிறகுதான் வாங்க முடியும். ஆஸ்திரியாவுக்கு அஸ்ஃபினாக், ஸ்லோவேனியாவுக்கு டார்ஸ், இந்த இரண்டு நிறுவனங்களின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடினால் முதலில் வருகிற இடைத்தரகர் தளங்கள் மேலே ஒரு தொகை வைத்து விற்கும். கார் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சில கார்களுக்கு ஆஸ்திரிய விக்னெட் ஏற்கெனவே இருக்கும்.

விக்னெட் தவிர சால்ஸ்பர்க்குக்குத் தெற்கே டவெர்ன் சாலை, ஸ்லோவேனிய எல்லையில் கரவாங்கென் சுரங்கம், இத்தாலியிலிருந்து இன்ஸ்ப்ரூக் வரும் பிரென்னர் நெடுஞ்சாலை ஆகிய மூன்றுக்கும் தனிக்கட்டணம், மொத்தம் சுமார் 35 யூரோ. இதைத் தவிர்க்க மலைக்கணவாய்ப் பாதைகள் உண்டு. வேண்டாம். கரவாங்கெனுக்கு மாற்றான வூர்ட்ஸென் கணவாய் 18 சதவீதச் சரிவு உள்ள பாதை, எட்டு யூரோ மிச்சத்துக்கு உங்கள் மனைவி ஊர் வரும்வரை பேசமாட்டார். பிரென்னரில் பழைய சாலை அழகானதுதான். ஆனால் வார இறுதிகளில் கடந்துபோகும் வண்டிகள் நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் இறங்குவதை ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் பல இடங்களில் தடை செய்கிறது. மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

அதில் முதல் இடம் எரிபொருள். நெடுஞ்சாலை மேலேயே இருக்கும் பங்கில் போடாதீர்கள். வெளியே இறங்கி ஒன்றிரண்டு கிலோமீட்டர் போனால் லிட்டருக்குக் கணிசமாகக் குறையும். ஜெர்மனியில் 2013 முதல் எல்லாப் பங்குகளும் விலை மாற்றத்தை உடனுக்குடன் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அந்த விலையை ஆப்பில் பார்த்துவிட்டே போகலாம். ஸ்லோவேனியாவிலிருந்து இத்தாலிக்குள் நுழையும் முன் எல்லையோர ஊரில் டேங்கை நிரப்புங்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இத்தாலியின் ட்ரியெஸ்தே ஊர்க்காரர்களே அங்கே வந்துதான் போடுகிறார்கள். இத்தாலியில் 'செர்விதோ' என்ற பம்பில் ஆள் வந்து போட்டுவிடுவார், அதற்கு லிட்டருக்குக் கூடுதல் விலை. 'செல்ஃப்' என்று எழுதியதில் நாமே போட வேண்டும். 'காஸோலியோ' என்று எழுதியிருப்பதைப் பார்த்து கேஸோலின், பெட்ரோல் என்று நினைத்துவிடாதீர்கள். அது டீசல். ஒன்றியம் முழுக்க ஒரே அடையாளம் உண்டு: பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம். டேங்க் மூடியிலும் அதே அடையாளம் இருக்கும்.

இத்தாலிய டோல் வாசலில் மஞ்சள் பாதை கருவி பொருத்திய உள்ளூர் வண்டிகளுக்கு, அதில் நுழையாதீர்கள். கார்டு என்றால் நீலம், ரொக்கம் என்றால் வெள்ளை. பார்க்கிங்கில் கதை வேறு: வெள்ளைக் கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் நமக்கில்லை. இதையெல்லாம்விட முக்கியம், பழைய நகர்ப்பகுதிகளில் 'ஜெட்டிஎல்' (ZTL) என்ற மூன்றெழுத்தோடு சிவப்பு வட்டப் பலகை நிற்கும். உள்ளூர்க்காரர் வண்டி மட்டும் போகலாம் என்று அர்த்தம். தடுக்க ஆள் இருக்காது, கேமரா மட்டும் இருக்கும். நானே ஒரு முறை, ஹோட்டலைத் தேடி ஒரே தெருவுக்குள் இரண்டு தடவை போய் வந்தேன். எட்டு மாதம் கழித்து இரண்டு அபராதக் கடிதம் வந்தது. அதற்கு முன்பே வாடகை நிறுவனம் என் விலாசத்தைக் கொடுத்ததற்கு ஒரு கட்டணம் எடுத்திருந்தது. அதிலிருந்து இத்தாலிய ஊர் எதற்குள்ளும் காரில் நுழைவதில்லை, வெளியே நிறுத்திவிட்டு நடக்கிறேன். இங்கேதான் சிறிய பெட்டியின் அருமை தெரியும். 20 கிலோ சூட்கேஸைக் கருங்கல் பாவிய தெருவில் உருட்டிப் பாருங்கள்.

வெனிஸில் கார் எப்படியும் தீவின் வாசலோடு நின்றுவிடும், அங்கே நிறுத்தவும் விலை அதிகம். வெனிஸுக்கு எதிரே நிலப்பக்கத்தில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கி, காரை அங்கேயே விட்டு ரயில் ஏறினால் பத்து நிமிஷம். லுப்லியானாவில் நகர ஓரத்து நிறுத்துமிடச் சீட்டில் பஸ் பயணமும் சேர்ந்தே வரும். டோலோமைட் பக்கம் இத்தாலியின் தெற்கு டிரோல் மாகாணத்தில் தங்கினால், பதிவு செய்யுமுன் அந்த வீடு 'கெஸ்ட் பாஸ்' தருகிறதா என்று பாருங்கள். தந்தால் மாகாணம் முழுக்க பஸ்ஸும் உள்ளூர் ரயிலும் இலவசம், ஏரிக்கு ஏரி பார்க்கிங் காசு கட்ட வேண்டியதில்லை.

தங்குமிட விலையோடு தலைக்கு இவ்வளவு என்று உள்ளூர் வரி தனியாக வரும், பல இடங்களில் ரொக்கமாகவே கேட்பார்கள். கையில் கொஞ்சம் சில்லறை யூரோ வைத்திருங்கள். கார்டு தேய்க்கும் இயந்திரம் 'ரூபாயிலா, யூரோவிலா' என்று கேட்டால் யூரோ என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விகிதம்.

கடைசி நாள் காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் பக்கத்துப் பங்கில் டேங்கை நிரப்பி ரசீதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது நாலு பக்கமும் எடுத்த அதே படங்களைத் திரும்பவும் எடுங்கள். பூஸ்டர் சீட்டை அங்கேயே விட்டுவிட வேண்டாம், ஆக்ஸ்பர்க் வழியாகத்தான் போகிறீர்கள் என்றால் எனக்கு எழுதுங்கள். அடுத்து ஒரு சித்தி குடும்பம் வருகிறது, பேத்திக்கு ஆறு வயது.